நாராயணய்யா – அன்னி பெசண்ட் வழக்கு

அடையாறு பிரம்மஞான சபையில் பணியாற்றிய ஜிட்டு நாராயணய்யா, 1910 மார்ச்சில் தம் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் காப்பாளர் பொறுப்பை அன்னி பெசண்ட் அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். பின்னர், சிறுவர்களை லெட்பீட்டரிடமிருந்து விலக்கி வைக்குமாறு வற்புறுத்தினார். 1912இல் அம்மையார் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தை செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அம்மையார் தாமே வாதாடித் தோற்றார். பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு 1913இல் நீதிபதி பேக்வெல் உத்தரவிட்டார். மேல்முறையீடும் பலிக்கவில்லை.

1914 மே மாதம் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. கொடுத்த பொறுப்பைத் தந்தை திரும்பப் பெறலாம் என்பதை அது ஏற்றது. ஆனால் இங்கிலாந்தில் இருந்த சிறுவர்கள் மீது செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. இதை வெறும் சட்ட நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. சிறுவர்களின் விருப்பம் கேட்டறியப்படவில்லை என்பதையும் அது குறையாகக் கண்டது. அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு வயது 19.