நெய்வேலி நில, நீர் உரிமைப் போராட்டங்கள்

கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தையும் நீரையும் இழந்தவர்களும், இழக்கப்போகிறோம் என்று அஞ்சுகிறவர்களும் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் போராட்டங்களுக்கு இது பொதுப்பெயர். இதற்கு ஒரே தலைவரோ ஒரே அமைப்போ இல்லை. மனித உரிமையும் காலநிலையும் சந்திக்கும் களம் என்று இன்று சொல்லப்பட்டாலும், காலநிலை என்ற சொல் இந்த ஊர்களுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டவை பட்டா, கிணறு, வேலை.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து நெய்வேலியின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு மின்சாரமும் வந்தது. பின்னர் யூரியா ஆலையும், ஒருகாலத்தில் வீட்டு அடுப்புகளில் எரிந்த ‘லெக்கோ’ கரியும் வந்தன. கிராமங்கள் இடம்பெயர்ந்தன. வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நிலம் கொடுத்தவர்கள் பலர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதுதான் பின்னால் வந்த சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

மேற்கே இருக்கும் விருத்தாசலத்துக்கு இந்தச் சுரங்கத்தோடு வேறொரு உறவு. கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அந்தக் களிமண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கல்வி நிலையமும் அமைந்தது. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று சூளையில் வேகும் சரக்குக்கும், கம்மாபுரம், ஊமங்கலம் பக்கத்தில் காணாமல் போகும் வயலுக்கும் மூலம் ஒரே பள்ளம். சுரங்கம் வேண்டும், வேண்டாம் என்று இந்த வட்டாரத்தில் யாரும் எளிதாகப் பேசிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கணக்கில் எடுக்காமல் வெளியூரிலிருந்து எழுதப்படும் கட்டுரைகள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

நீர்ச்சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஒரு நீர்த்தாங்கி இருக்கிறது. மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். மோட்டார் இல்லாமலே குழாயில் தண்ணீர் பொங்கி வழிந்த வட்டாரம் இது. ஆழ்துளைக் கிணறு ஆண்டுக்கு ஆண்டு கீழே போவதற்குச் சுரங்கமே காரணம் என்பது உழவர்களின் குற்றச்சாட்டு. சுரங்கத்தின் நீர்தான் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக ஆயிரக்கணக்கான ஏக்கரை நனைக்கிறது என்பது மறுபக்கத்து வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நீர் ஓரிடத்தில் எடுக்கப்பட்டு இன்னோரிடத்தில் விடப்படுகிறது; எடுக்கப்பட்ட இடத்துக்காரன் ஒருவன், பெற்ற இடத்துக்காரன் வேறொருவன்.

வேலைக்கான போராட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனி அத்தியாயம். நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலையையே குறைந்த கூலிக்குச் செய்கிறோம் என்று இவர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். 2014 மார்ச் 17 அன்று மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைவீரர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததில் ஆறு பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் சிலரும் பிழைக்கவில்லை.

சூழலை மனித உரிமையாகப் பார்க்கும் பழக்கம் இம்மாவட்டத்துக்கு நெய்வேலியிலிருந்து வந்ததைவிடக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வந்தது என்பதே சரி. 2000களின் தொடக்கத்தில் அங்கே ரசாயன ஆலைகளை ஒட்டிய கிராமத்தினர் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து என்ன நாற்றம் வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மனுவில் ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று எழுதுவதற்கும் சோதனை முடிவை இணைத்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரிந்தது. நெய்வேலிப் பக்கத்திலும் பின்னால் அதே வழி பின்பற்றப்பட்டது: 2023இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் இவ்வட்டாரத்து நீரைச் சோதித்து, பாதரசம் அளவு மீறியிருப்பதாக அறிக்கை வெளியிட்டன. பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த வேலையில் ஈடுபடுகிறவரின் பெரும்பாலான நாட்கள் வாளியோடு கழிவதில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் காத்திருப்பதிலும், தகவல் உரிமை மனு எழுதுவதிலும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச ஆள் திரட்டுவதிலும், கிராம சபைத் தீர்மானத்தின் நகலைப் பத்திரப்படுத்துவதிலும்தான் கழிகின்றன.

2023 இவ்வரலாற்றில் கூர்மையான ஆண்டு. காவிரி டெல்டாவிலும் அதை ஒட்டியும் உள்ள வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலத்திலிருந்து ஏப்ரலில் விலக்கிக்கொண்டது. புதிய சுரங்கம் நின்றது. பழைய சுரங்கத்தின் விரிவாக்கம் நிற்கவில்லை. ஜூலை 26 அன்று மேல்வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது நிறுவனம். கையகப்படுத்தியது உண்மையென்றால் இத்தனை ஆண்டும் பயிர்செய்ய ஏன் விட்டீர்கள், அறுவடை வரை பொறுத்தால் என்ன என்றார்கள் உழவர்கள்.  ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடர்பான வழக்கை அப்போது விசாரித்துக்கொண்டிருந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி, பயிர் அழிக்கப்பட்ட காட்சியைக் கண்டு கண்ணீர் வந்ததாக நீதிமன்றத்திலேயே சொன்னார். பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கப் பின்னர் உத்தரவாயிற்று.

சட்டம் இதற்கிடையே கிராமத்தைவிட வேகமாக நகர்ந்திருக்கிறது. தூய்மையான சூழல் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலையில் தீர்மானித்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கூறியது. வழக்கு என்னவோ ராஜஸ்தான், குஜராத் பக்கத்துக் கானமயில் பறவையையும் சூரிய மின்கம்பிகளையும் பற்றியது.

நிலமில்லாத கூலியாட்களுக்கு இவை எதுவும் இன்னும் முழுமையாக எட்டவில்லை. கையகப்படுத்தப்படும் நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகள் பிழைத்த உழவுத் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவரே என்கிறது 2013 நில எடுப்புச் சட்டம். நடைமுறையில் பட்டா வைத்திருப்பவருக்குத்தான் காகிதத்தில் பெயர் இருக்கிறது. நாற்று நட்டவளுக்கு இல்லை. சுரங்கத்தின் தேவையும் தீர்ந்துவிடவில்லை: 600 மெகாவாட் கொண்ட முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அதற்கு ஈடாக அருகே எழுந்த 1000 மெகாவாட் நிலையமும் பழுப்பு நிலக்கரியில்தான் ஓடுகிறது.