துணியில் வந்த கலர்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னாடி, வண்டியைக் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிடலாம்னு ஆசைப்பட்டதுதான் தப்பு. கோபர்கைரனேயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை. (பேர் வேண்டாம். நல்ல மனுஷங்க.) நம்ம வண்டி சாம்பல் நிற மெட்டாலிக், ஏழு வயசு. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல். சொசைட்டியில் வண்டி துடைக்கிற பையன் ஒரு வாளித் தண்ணி, ஒரே துணியில் பதினஞ்சு வண்டி துடைப்பான். அவனோட கைங்கர்யம்.

கடைக்காரர் ரப்பிங் காம்பவுண்டை அப்பி, மெஷினைப் போட்டு அரை மணி நேரம் தேய்த்தார். நடுவில் என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டினார். துணியில் சாம்பல் கலர். "தேக்கோ சார், கலர் நிகல் ரஹா ஹை" என்று முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். அழுக்கு வருதுன்னு நினைச்சுட்டேன். மறுநாள் மத்தியான வெயிலில்தான் தெரிந்தது, பானெட் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளப்பே இல்லாமல் செத்துப் போய், தேமல் மாதிரி ஒரு திட்டு. அதுக்கு மேல் எந்த மெழுகைப் போட்டாலும் ஒட்டவில்லை.

தாராவியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். திருநெல்வேலிப் பக்கம். குர்லா கராஜ்களில் முப்பது வருஷத்துக்கு மேல் பெயின்டர். பட்டி பார்க்கிறது, உப்புத்தாள் தேய்க்கிறது, ஸ்ப்ரே அடிக்கிறது எல்லாம் அத்துப்படி. ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு போய்க் காட்டினேன். திட்டை விரலால் தடவினார். "துணியில கலர் வந்துச்சா?" "வந்துச்சு அண்ணாச்சி." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, அவன் செஞ்சது அம்புட்டும் சரிதான். வண்டிதான் தப்பு."

இந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு மாசம் படிக்க வைத்துவிட்டது. ஆபீஸில் ஆணி கொஞ்சம் கம்மி என்பதும் காரணம். படித்ததை எழுதி வைக்கிறேன்.

ஆரம்பத்தில் கார் என்பது குதிரை இல்லாத குதிரை வண்டி. உடம்பு மரம். மேலே பூசியது வண்டிக்காரர்கள் பூசிய அதே வார்னிஷ். பிரஷ்ஷால் பூசி, காய விட்டு, நுரைக்கல் தூளால் தேய்த்து, மறுபடி பூசி... ஒரு காருக்குப் பெயின்ட் முடிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் காருக்கான பாலிஷும் மேஜை நாற்காலி பாலிஷ் வழியாகத்தான் வந்தது. அமெரிக்காவில் மெக்வையர்ஸ் கம்பெனி 1901ல் ஃபர்னிச்சர் பாலிஷ் செய்யத்தான் ஆரம்பிக்கப்பட்டது. (2008ல் த்ரீஎம் அதை வாங்கிவிட்டது.) 1910 வாக்கில் வந்த சிமோனிஸ் ஒரு படி மேலே போய் ரெண்டு டப்பா விற்றது: முதலில் கிளீனர், அப்புறம் மெழுகு. எது முன்னாடி, எது பின்னாடி என்ற நம்ம பஞ்சாயத்து அந்த ரெண்டு டப்பாவிலேயே இருக்கு. அழுக்கின் மேல் மெழுகு போட்டால் அழுக்குக்குத்தான் காவல். மெழுகு போட்டுவிட்டுத் தேய்த்தால் மெழுகுதான் போகும்.

காரை மெஷின் வேகத்தில் செய்ய ஆரம்பித்ததும் இந்த வார்னிஷ் ஒத்து வரவில்லை. ஃபோர்டு 1914ல் இருந்து 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டும் விற்றார். கறுப்பு ஜப்பான் எனாமல் சீக்கிரம் காயும், மலிவு. மற்றவர்களுக்குக் கலரும் வேணும், வேகமும் வேணும். முதல் உலகப் போர் முடிந்தபோது டூபான்ட் கம்பெனியின் கையில் வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் தயாரிக்கும் வசதி ஏகத்துக்கு மிச்சம். அதை வைத்து ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து ஒரு லாக்கர் செய்தார்கள். (பேங்க் லாக்கர் இல்லை, இது வார்னிஷ் ஜாதி.) 1924ம் வருஷத்து ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு வந்தது. பெயர் டூகோ. ஆமாம், நம்ம ஊர்த் தச்சர்கள் இன்னிக்கும் அலமாரிக்கு அடிக்கிறார்களே, அதே 'டூகோ பெயின்ட்' பெயர்தான்.

டூகோ நிமிஷக் கணக்கில் காய்ந்தது. ஆனால் ஒரு குறை. ஸ்ப்ரேயில் இருந்து வரும்போது பளபளப்பு கிடையாது, மங்கலாக இருக்கும். தேய்த்தால்தான் பளபளக்கும். ஆக, ரப்பிங் காம்பவுண்ட் பழுது பார்க்க வந்த சாமான் இல்லை. புதுக் காரை முடிக்கிற வேலையிலேயே அது ஒரு படி. நான் இதுவரை நினைத்திருந்தது நேர் எதிர்.

தேய்க்கிற வேலை பெருகியதும் கூடவே பல சாமான் பிறந்தன. 1921ல் த்ரீஎம் தண்ணியில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளை விற்க ஆரம்பித்திருந்தது. பிலடெல்பியாவில் மை வியாபாரம் செய்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவரின் யோசனை. அதுக்கு முன்னால் உலர்வாகத் தேய்ப்பார்கள், ஈயம் கலந்த பெயின்ட் தூசி முழுக்கத் தொழிலாளி நுரையீரலில். இந்தத் தாளைப் பரிசோதிக்க பெயின்ட் கடைகளுக்குப் போய் வந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், ரெண்டு கலர் கார் அடிக்கத் திண்டாடுகிறவர்களைப் பார்த்து 1925ல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டு வந்தார். கறுப்பு உடம்புக்கும் மஞ்சள் கூரைக்கும் நடுவே நேர்க்கோடு போட்டு ஓடிய பம்பாய் டாக்சிகளுக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

டாக்சி என்றதும் குர்லாவுக்கு வந்துவிடலாம். வால்சந்த் ஹிராசந்த் 1944ல் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அங்கேதான் இருந்தது. (அந்த நிலத்தில் இப்போ கோஹினூர் சிட்டி.) இத்தாலியின் ஃபியட் 1100 காரை அங்கே செய்தார்கள். 1974ல் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. அந்தப் பத்மினிதான் பம்பாயின் காலி-பீலி டாக்சி. 2003ல் பதிவான கடைசி பத்மினி டாக்சிக்கு இருபது வருஷக் கெடு முடிந்து, 2023 அக்டோபர் 30ம் தேதியோடு அந்த வண்டிகள் ரோட்டைவிட்டுப் போயின. அண்ணாச்சி அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசினார். அவர் தேய்த்த வண்டிகள் அதில் எத்தனையோ.

அந்த டாக்சி பெயின்ட் வேற ஜாதி. கராஜில் அடித்தது பெரும்பாலும் சிந்தெடிக் எனாமல். காற்றோடு சேர்ந்து காய்ந்து, மேலேயே நிறமும் பளபளப்பும் ஒண்ணாக இருக்கிற பெயின்ட். நல்ல தடிமனாக அடித்திருப்பார்கள். பம்பாய் வெயிலும் நாலு மாச மழையும் பட்டால் மேல் தோல் சாம்பல் பூத்துவிடும். விரலை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். தசராவுக்கு முன்னால் காம்பவுண்ட் போட்டு அந்தச் செத்த தோலை உரித்து எடுத்தால் கீழே புதுக் கறுப்பு. உரிகிறதா என்று எப்படித் தெரியும்? துணியில் கறுப்பு வரும். வந்தால் வேலை நடக்கிறது. வரவில்லையா, இன்னும் அமுக்கித் தேய். தொழில் கற்றுக்கொள்கிற பையனுக்கு முதல் பாடமே அதுதானாம்.

கடைக்காரர் துணியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு அங்கே இருந்து வந்தது.

நடுவில் பெயின்ட் மாறிவிட்டது. மெட்டாலிக் கலரில் அலுமினியத் துகள் மிதக்கும். அதை நேரே தேய்த்தால் மினுமினுப்பு போய்த் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் நிறத்தை மெல்லிசாக ஒரு பூச்சு, அதன் மேல் நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு என்று ரெண்டாகப் பிரித்தார்கள். வெளிநாட்டில் 1980களில் இது பரவிவிட்டது. நம்ம ஊரில் 1983ல் மாருதி 800 வந்து, 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இறங்கியபோது மெட்டாலிக் கலர்கள் பெருகின. பெயின்ட் கம்பெனிகளும் கூடவே மாறின. 1920ல் லோயர் பரேலில் கஹகன் பெயின்ட்ஸ் என்று ஆரம்பித்தது 2006ல் கன்சாய் நெரோலாக் ஆனது. கிர்காவில் ஒரு கராஜில் 1942ல் நாலு நண்பர்கள் ஆரம்பித்த ஏஷியன் பெயின்ட்ஸ், கார் பெயின்டுக்காக 1997ல் அமெரிக்காவின் பிபிஜியோடு கூட்டு வைத்தது. பெயின்ட் ரெண்டு அடுக்கானது தொழிற்சாலைக்குத் தெரியும். குர்லா, துர்பே சந்துகளில் மெஷின் பிடிக்கிறவருக்கு யார் வந்து சொன்னார்கள்?

இப்போ கணக்கைப் பாருங்கள். புதுக் காரில் பிரைமர், நிறம், கண்ணாடிப் பூச்சு எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் சொச்சம். அதில் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு நாற்பது மைக்ரான் வந்தால் பெரிசு. விளிம்புகளில் பெயின்ட் விலகி ஓடுவதால் அதைவிடவும் மெலிசு. தேய்க்கும்போது உதிர்கிற அந்தப் பூச்சுக்கு நிறமில்லை, துணியில் நிறம் வராது. நிறம் வந்துவிட்டால் கண்ணாடி போயே போச்சு, அடுத்த அடுக்கு வருகிறது என்று அர்த்தம். அண்ணாச்சி காலத்தில் 'சபாஷ்' என்று சொன்ன அடையாளம், என் பானெட்டில் 'நிறுத்துடா' என்று கத்தியிருக்கிறது. ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சரி, எந்த வரிசையில் போடுவது? இதுக்குப் பதில் தேடியபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. சாமான்கள் பிறந்த வரிசையும் போடுகிற வரிசையும் கிட்டத்தட்ட தலைகீழ். வயசில் மூத்தது மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஜாதி மரத்தின் ஓலையில் இருந்து எடுக்கிற கார்னௌபா. அது கடைசியில். அடுத்தது 1920களின் காம்பவுண்ட், அது நடுவில். எல்லாவற்றிலும் சின்னவன் களிமண் கட்டி, அவன்தான் கழுவியதும் முதலில். (நேத்து வந்த செராமிக் கோட்டிங் கடைசியில் போய் மெழுகின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என் அழகான கணக்கைக் கெடுக்கிறது. போகட்டும்.)

களிமண் கட்டி ஜப்பான் சரக்கு. ததாவோ கோதாதே என்பவர் பெயரில் 1995ல் அமெரிக்க பேட்டன்ட். கழுவினாலும் போகாமல் பெயின்டில் குத்தி நிற்கிற இரும்புத் தூசி, தொழிற்சாலைத் தூசியைப் பிடுங்கி எடுக்கும். சந்தேகம் இருந்தால் கழுவிய வண்டியின் மேல் கையை ஒரு பிளாஸ்டிக் பையில் நுழைத்துத் தடவிப் பாருங்கள், மணல் மாதிரி நெருடும். எங்க ஏரியாவில் ஒருபக்கம் தானே-பேலாப்பூர் ரோட்டுத் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் 2004ல் இருந்து பயணிகள் ரயில் ஓடுகிற தானே-வாஷி லைன். பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத் தூள் ஸ்டேஷன் பக்கம் நிற்கிற வெள்ளை வண்டிகளில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். அதை எடுக்காமல் மெஷினை வைத்தால் அந்தத் தூளையே உப்புத்தாளாக்கித் தேய்க்கிறோம். என் வண்டியில் இந்தப் படியே நடக்கவில்லை.

களிமண்ணுக்குப் பிறகு காம்பவுண்ட், அதுவும் கீறல் ஆழமாக இருந்தால் மட்டும். பழைய பேஸ்டில் கரடான துகள். இன்றைய நல்ல சரக்கில் சன்னமான அலுமினியம் ஆக்சைடு. ஆனாலும் முதலில் மெலிசான பாலிஷை ஒரு கை அகலத்துக்குப் போட்டுப் பார்த்து, அது போதும் என்றால் காம்பவுண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். காம்பவுண்ட் போட்டால் அது விடுகிற மங்கலை எடுக்கப் பாலிஷ் கட்டாயம். அப்புறம் ஸ்பிரிட் மாதிரி ஒண்ணால் துடைத்து எண்ணெயை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் துடைப்பு முக்கியம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி அதை மறைத்துவிடும், நாலு தடவை கழுவினதும் பழைய சிலந்தி வலை திரும்பி வந்து பல்லிளிக்கும். அதுக்குப் பிறகுதான் மெழுகோ சீலன்ட்டோ. ரெண்டும் போடுவதானால் சீலன்ட் கீழே, மெழுகு மேலே. மாற்றினால் சீலன்ட்டுக்குப் பிடிமானம் இருக்காது.

அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சிலிக்கான் உள்ள பாலிஷை கராஜுக்குள்ள விட்டுறாத" என்று மட்டும் சேர்த்தார். துளி பட்ட இடத்தில் புது பெயின்ட் விலகி மீன் கண் மாதிரி குழி விழுமாம். படித்துப் பார்த்தேன், உண்மைதான். மனுஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ் தாண்டவில்லை.

பானெட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தாயிற்று. அடித்தது அவர் சொன்ன ஆள். புது பெயின்டில் இருக்கிற கரைப்பான் முழுக்க ஆவியாக ஒரு மாசத்துக்கு மேல் ஆகும், அதுவரை மெழுகு கூடாது என்று உத்தரவு. ஆயுத பூஜைக்கு மெழுகு இல்லாமலே சந்தனம், குங்குமம் வைத்தோம், பானெட்டில் இல்லை, நம்பர் பிளேட்டில். ஒண்ணரை மாசம் கழித்து முதல் தடவை நானே கையால் பாலிஷ் போட்டுவிட்டு, துணியை போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கலர் இல்லையே?"

"இல்ல அண்ணாச்சி."

"ம். அந்தப் பையனுக்கு ரெண்டாவது வாளி ஒண்ணு வாங்கிக் குடு."