திருத்தணி எல்லை மாற்றம்

திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1953 அக்டோபர் 1 முதல் 1960 மார்ச் 31 வரை, ஆறரை ஆண்டுகள் ஆந்திரத்தில் இருந்தது.

ஊர் நகராமலே அதன் முகவரி பலமுறை மாறியிருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ச. இராதாகிருஷ்ணன் 1888இல் இங்குப் பிறந்தபோது இது வட ஆர்க்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதில் சேர்ந்தது. 1960இல் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு வந்து, 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியது. அவர் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த காலத்திலேயே அவர் பிறந்த ஊர் ஆந்திரத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

தனி ஆந்திரம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். அதன்பின் மாநிலப் பிரிவினை விரைந்து நடந்தது. அப்போது பல்லாரி மாவட்டத்தை மட்டும் தாலுகா வாரியாகப் பிரித்து, ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் ஆகிய மூன்றையும் ஆந்திரத்துக்குக் கொடுத்தார்கள். சித்தூருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. தெற்கே தமிழ் பேசும் ஊர்கள் செறிந்திருந்தும், மாவட்டம் முழுவதும் ஒரே பொட்டலமாக ஆந்திரத்துக்குப் போயிற்று. சிக்கலின் வேர் இதுவே.

தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்திச் சிறை சென்றார். உள்ளூரில் அதற்குத் தூணாக நின்றவர் மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையே தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்வதால், திருப்பதி வரை வேண்டும் என்பது கிளர்ச்சிக்காரர்களின் கோரிக்கை. ஆனால், பழைய நூலில் உள்ள எல்லையும் அன்றைய மக்கள்தொகைக் கணக்கும் ஒன்றாக இல்லை. திருப்பதியும் சித்தூர் நகரமும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன.

இரு மாநிலங்களும் ஏற்ற நடுவர் எச். வி. படாஸ்கர். 1957இல் அவர் அளித்த முடிவில் பிரிப்புக்கான அலகு மாவட்டமன்று, தாலுகாவுமன்று, கிராமம். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் மிகுதி என்று பார்க்க வேண்டும். அதோடு, அது சேரப்போகும் மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி உடையதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை சிறியதாகத் தோன்றலாம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கூச் பிஹார் எல்லை சான்று. அங்கே வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் தீவுநிலங்களும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் தீவுநிலங்களும் இருந்தன. வங்கதேசத்துக்குள் இந்திய நிலம், அதற்குள் வங்கதேச நிலம், அதற்குள்ளும் ஒரு துண்டு இந்திய நிலம் என்ற விந்தைகூட உண்டு! சொந்த நாட்டின் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போவதற்கு அயல்நாட்டைக் கடக்க வேண்டிய அம்மக்களின் அவதி, 2015இல் நிலங்களைப் பரிமாறிக்கொண்ட பிறகே தீர்ந்தது.

திருத்தணிப் பகுதியில் அப்படிப்பட்ட தீவுகள் உருவாகவில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது. நிலத்தொடர்ச்சி இல்லாத தமிழ் ஊர்கள் அந்தப் பக்கமும், தெலுங்கு ஊர்கள் இந்தப் பக்கமும் தங்கிவிட்டன. கோடும் நேராக அமையவில்லை. பள்ளிப்பட்டுப் பகுதிக்கு வடக்கும் மேற்கும் ஆந்திரம். கிழக்கே சென்றாலும் நகரி, அதுவும் ஆந்திரம்.

இம்முடிவின்படி 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியும், சேலம் மாவட்டத்தின் சில ஊர்களும் ஆந்திரத்துக்குப் போயின. திருத்தணி மீட்பைப் பேசுவோர் சத்தியவேட்டை எளிதில் மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அதே நாளில்தான் மாநிலம் மாறியது.

படாஸ்கரின் வழிமுறை பிற்காலத்தில் வேறிடத்திலும் பேசப்பட்டது. பெல்காம் தகராறில் கிராமமே அலகாக இருக்க வேண்டும் என்று மகாராட்டிரம் வாதிட்டபோது முன்மாதிரியாகக் காட்டியது இதைத்தான்.

ஆறுகளுக்கு இந்தக் கோடு தெரியாது. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டால், கொசத்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பகுதியின் தரைப்பாலங்கள் மூழ்கும். அணையின் மதகைத் திறப்பவர்கள் ஒரு மாநில அதிகாரிகள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பவர்கள் மற்றொரு மாநில அதிகாரிகள்.