நடுவில் நிற்கும் குரல்: சூழொலியின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

திரையரங்கின் ஒலியை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவர விரும்பி ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்-ஊஃபரும் வாங்கி வைத்தவர்கள் சொல்லும் முதற்குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கார்கள் மோதுகிற சத்தம் சுவரை அதிரச் செய்கிறது. மகன் தாயிடம் தாழ்ந்த குரலில் சொல்வது மட்டும் காதில் விழுவதில்லை. ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் அண்டை வீட்டார் விழித்துக்கொள்வர். குறைத்தால் வசனம் மறைந்துவிடும். ரிமோட்டைக் கீழே வைக்காமலே படம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது: பின்னால் வைத்த ஒலிபெருக்கிகள் வாயே திறப்பதில்லை என்பது.

இவ்விரண்டையும் கருவியின் பழுதென்று கருதிக் கடைக்காரரை அழைப்பதே வழக்கம். ஆனால் இவற்றிற்கான விடை பல வேளைகளில் சூழொலியின் வரலாற்றில் கிடைக்கிறது. பேசுகிறவனின் குரலை அவன் நிற்கும் இடத்திலேயே நிறுத்துவது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கலை வளர்ந்தது. நாற்புறமும் முழங்குவது பின்னால் வந்து சேர்ந்த அணி. அணியைப் பொருளாகக் கொண்டவர்கள் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறார்கள் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1881ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியில் கிளெமென்ட் ஆதேர் என்ற பொறியாளர் ஒரு விந்தையைச் செய்து காட்டினார். ஆப்பெரா மேடையின் முன்விளிம்பில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக நிறுத்தி, கம்பி வழியாகக் கண்காட்சிக் கூடத்துக்கு இசையைக் கொண்டுவந்தார். கேட்போர் இரு காதுகளிலும் இரு வேறு கேள்குழாய்களை வைத்துக்கொண்டனர். பாடகர் மேடையில் இடப்புறமிருந்து வலப்புறம் நடந்தால், அந்நடையும் செவிக்குப் புலப்பட்டது. இம்முறை பின்னர் ‘தியேட்ரஃபோன்’ என்ற பெயரில் சந்தா செலுத்துவோரின் வீடுகளுக்கே வந்தது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் 1911இல் படுக்கையறையில் இருந்தபடியே இதன்வழி ஆப்பெரா கேட்டவர். அரங்கம் வீட்டுக்குள் வருதல் என்னும் ஆசை நம் தலைமுறைக்குரியது மட்டுமன்று.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன். 1931இல் மனைவியோடு திரைப்படம் பார்க்கச் சென்றவர், நடிகர் திரையின் ஓர் ஓரத்திலிருந்து பேசும்போது குரல் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வருவதைக் கண்டு எரிச்சலுற்றார் என்றும், அதற்கொரு வழி தமக்குத் தெரியும் என்று மனைவியிடம் கூறினார் என்றும் சொல்லப்படுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நாம் ஸ்டீரியோ என்று அழைப்பதன் அடிப்படை அதில் இருக்கிறது. ஒரே ஒலி இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே அளவில் எழுந்தால், கேட்பவன் மனம் அவ்வொலியை இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில், நிறுத்திக்கொள்கிறது. 1942இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து நொறுங்கியதில் புளூம்லைன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 38. தம் கண்டுபிடிப்பு வீடுதோறும் ஒலிப்பதை அவர் காணவில்லை.

புளூம்லைனின் வெற்றிடக் குரலில் ஒரு குறை உண்டு. சரியாக நடுவில் அமர்ந்தவனுக்கே அது நடுவில் கேட்கும். சற்று இடப்பக்கம் நகர்ந்தால் குரலும் கூடவே இடப்பக்கம் ஓடிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சரின் குழுவினர் இச்சிக்கலைப் பெரிய அரங்குகளை மனத்திற்கொண்டு ஆராய்ந்தனர். 1933 ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசித்ததை மூன்று தடங்களில் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கிற்கு அனுப்பினர். அங்கே மேடையில் இசைக்கலைஞர் எவருமில்லை. ஒலிபெருக்கிகள் மட்டுமே இருந்தன. இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவிகளின் முன் அமர்ந்திருந்தார். இடம், வலம், நடு என்ற மூன்றில் நடுத்தடம்தான் ஓரத்து இருக்கைக்காரனுக்கும் நீதி வழங்கியது. வீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே நாம் வைக்கும் நடு ஒலிபெருக்கியின் மூதாதை அதுவே.

அதே ஸ்டோகோவ்ஸ்கி இசை நடத்திய டிஸ்னியின் ‘ஃபேண்டசியா’ 1940 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வெளியானபோது, ஒலிக்கென்றே தனிப் படச்சுருள் ஓடியது. ‘ஃபேண்டசவுண்ட்’ என்று பெயரிடப்பட்ட அம்முறையில் மூன்று ஒலித்தடங்களோடு, ஒலியளவை ஆளும் நான்காவது தடமும் இருந்தது. செலவும் போரும் அதனை விரைவில் முடக்கின. 1952இல் அதே பிராட்வே அரங்கில்தான் ‘திஸ் இஸ் சினிராமா’ ஏழு காந்தத் தடங்களோடு வந்தது. மறு ஆண்டு ‘தி ரோப்’ என்ற முதல் சினிமாஸ்கோப் படம் நான்கு தடங்களோடு வந்தது. மூன்று தடங்கள் திரைக்குப் பின்னே. நான்காவது பார்வையாளரைச் சுற்றி. அந்நான்காவது தடத்தின் இரைச்சல் தொல்லை தந்ததால், தேவையான இடத்தில் மட்டும் பக்க ஒலிபெருக்கிகள் திறந்து மற்ற நேரம் மூடியிருக்கும்படி, 12 கிலோஹெர்ட்ஸ் சைகை ஒன்று தடத்திலேயே பதியப்பட்டது. பின்னால் இருப்பவை பெரும்பாலும் மௌனமாக இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அமைந்த மரபு. நம்மவர்களின் இரண்டாவது குறைக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

இங்கே ஒரு ஜெர்மானிய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் தம் முனைவர் பட்ட ஆய்வில் மனிதச் செவியின் ஓர் இயல்பை அளந்து காட்டினார். ஒரே பேச்சு இரு திசைகளிலிருந்து சில மில்லி விநாடி முன்பின்னாக வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே பேச்சு எழுவதாகச் செவி முடிவு செய்கிறது. பிந்தி வருவது ஓரளவு உரத்திருந்தாலும் இந்த முடிவு மாறுவதில்லை. முந்தி வந்தவனுக்கே இடம். இந்த எளிய விதியின்மேல்தான் பிற்காலச் சூழொலி நின்றது.

1970களில் இசைத்தட்டு நிறுவனங்கள் ‘குவாட்ரஃபோனிக்’ என்ற நாற்றட ஒலியை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. சி.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.க்யூ., சான்சுயி நிறுவனத்தின் க்யூ.எஸ்., ஜே.வி.சி. நிறுவனத்தின் சி.டி.-4 என முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதிக்கொண்டன. ஒன்றுக்கு வாங்கிய கருவியில் மற்றொன்றின் தட்டு சரியாக ஒலிக்காது. பத்தாண்டு முடிவதற்குள் சந்தை கலைந்துவிட்டது. இந்த வணிகப் பூசலைத் தோல்வியின் காரணமாகச் சொல்வது வழக்கம்; அது உண்மையே. ஆயினும் அடியில் வேறொரு பிழையும் இருந்தது. அறையின் நான்கு மூலைகளும் சமம் என்று அது கருதிற்று. மனிதனுக்குக் காதுகள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. முன் ஒலிபெருக்கிகள் இரண்டுக்கும் நடுவே தோன்றும் வெற்றிடக் குரல், முன்னொன்றுக்கும் பின்னொன்றுக்கும் நடுவே உறுதியாகத் தோன்றுவதில்லை. நடு ஒலிபெருக்கியும் அதில் கிடையாது. பேச்சுக்கு இடமே ஒதுக்காத அமைப்பாக அது இருந்தது.

குவாட்ரஃபோனிக் விட்டுச் சென்ற கணிதத்தை எடுத்துக்கொண்டு, அதன் நோக்கத்தை மாற்றி அமைத்தது டால்பி நிறுவனம். 35 மி.மீ. படச்சுருளின் ஓரத்தில் இரண்டு ஒளித்தடங்களுக்கே இடமிருந்தது. அவ்விரண்டிலும் ஒரேபோல் பதிந்திருப்பது நடுவுக்கு; ஒன்றுக்கொன்று நேரெதிராகப் பதிந்திருப்பது பின்னுக்கு என்று பிரித்தெடுத்து, இரண்டிலிருந்து நான்கு திசைகளை உண்டாக்கினர். ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ (1976) இம்முறையில் சூழொலியைப் பயன்படுத்தியது. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) அதனை உலகறியச் செய்தது. பிரிப்பு முழுமையானதன்று; வசனம் சிறிது பின்னாலும் கசியும். அதனால் பின்தடத்தைச் சில மில்லி விநாடி தாமதப்படுத்தினர். ஹாஸின் விதிப்படி முன்னே முதலில் எழுந்த குரல் முன்னேயே நின்றுவிட்டது. பின்தடத்தில் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியையும் வெட்டினர். சகர ஒலியின் சீறல் பிடரியில் கேட்காமல் இருப்பதற்கு இதுவும் உதவிற்று.

இந்த இரு தட ஒலி வீடியோ நாடாவிலும் அப்படியே ஏறியது. 1982இல் டால்பி சரவுண்ட் என்ற பெயரில் வீட்டுக் கருவிகள் வந்தன. அவற்றில் இடம், வலம், பின் மூன்றும் உண்டு, நடு இல்லை. 1987இல் வந்த புரோ லாஜிக் கருவிதான் நடுக்குரலை வீட்டுக்கு மீட்டுத் தந்தது. வீட்டுச் சூழொலி உண்மையில் வயதுக்கு வந்தது அப்போதுதான் என்பேன். ‘5.1’ என்ற எண்ணும் அதே ஆண்டில்தான் டாம்லின்சன் ஹோல்மன் என்ற பொறியாளரால் முன்மொழியப்பட்டது: ஐந்து முழுத் தடங்கள், தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒரு சிறு தடம். ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992) டால்பி டிஜிட்டலையும், ‘ஜுராசிக் பார்க்’ (1993) டி.டி.எஸ். முறையையும் திரையரங்குக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் ‘ஷோலே’ (1975) 70 மி.மீ. படச்சுருளின் காந்தத் தடங்களில் சூழ்ந்து ஒலித்தது. தமிழில் ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஒலியோடு வந்தது.

இவ்வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு கூடத்திற்குத் திரும்பினால், கையேட்டின் ஒவ்வொரு வரியும் பொருள்படும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992இல் ஐந்து தட ஒலிக்கு வகுத்த பரிந்துரை இது: இடமும் வலமும் கேட்பவனின் நேர்முன்னிலிருந்து 30 பாகையில், பின்னவை 100 முதல் 120 பாகைக்குள். அதாவது 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால், முன் ஒலிபெருக்கிகள் இரண்டுக்கும் இடையே 3 மீட்டர் இருக்க வேண்டும். பின்னவை தோளுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி நிற்க வேண்டும். பின்சுவரின் மூலைகளில் அவற்றை மாட்டுவது குவாட்ரஃபோனிக் காலத்துப் பழக்கம்.

கருவியில் ‘தூரம்’ என்று கேட்கும் இடத்தில் நாம் ஹாஸின் விதியைத்தான் நிரப்புகிறோம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. முன் ஒலிபெருக்கி 3 மீட்டரிலும், பின் ஒலிபெருக்கி ஒன்றரை மீட்டரிலும் இருக்க, எல்லாம் சமதூரம் என்று பதிந்தால், பின்னொலி நான்கு மில்லி விநாடிக்கு மேல் முந்திவிடும். செவி பின்பக்கம் இழுபடும். நாடாவை எடுத்து அளந்து பதிவதற்குப் பத்து நிமிடம் போதும்.

பேசும் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கலங்கி, தாழ்ந்த ஒலிகளும் மெலிந்து கேட்டால், முன் ஒலிபெருக்கி ஒன்றின் கம்பிகள் சிவப்பும் கறுப்பும் மாறிச் செருகப்பட்டிருக்கலாம். இரண்டும் எதிரெதிராக அசைந்தால் புளூம்லைனின் வெற்றிடக் குரல் உருவாகாது. பின் ஒலிபெருக்கிகள் பேசவில்லை என்போர் முதலில் கருவியின் சோதனை ஒலியை ஓடவிட வேண்டும். அது வரிசையாக ஐந்திலும் கேட்டால் கம்பிகளில் குறையில்லை. படம் அவ்விடத்தில் மௌனத்தை விரும்பியிருக்கலாம். அல்லது தொலைக்காட்சி இரு தட ஒலியை மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்றிருப்பதைப் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி வசனம். தமிழ் படித்தவனுக்கு இதில் சொல்ல ஒன்றுண்டு. கடம், படம், தடம் ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யொலி மட்டுமே. பேச்சின் வலிமை உயிரொலியில் இருக்கிறது. பொருள் வேறுபாட்டின் பெரும்பகுதியை மெய்கள் சுமக்கின்றன. மெய்களோ மெலிந்தவை, உயர்ந்த அதிர்வெண்களைச் சார்ந்தவை. வயது ஏறும்போது செவி முதலில் இழப்பதும் அவ்வதிர்வெண்களையே. ஆகவே நடு ஒலிபெருக்கியை அலமாரிக்குள் தள்ளி, முன்னால் பொம்மைகளை அடுக்கி வைத்த வீட்டில் முதலில் பாதிக்கப்படுகிறவர் அங்குள்ள முதியவர். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலித்து அந்த மெய்களை மேலும் மழுக்குகின்றன. ‘சத்தம் அதிகமா இருக்கு, ஒண்ணும் புரியல’ என்று அவர் சொல்லும்போது இரண்டு கூற்றுகளும் ஒருசேர உண்மை. நாளடைவில் அவர் குறைசொல்வதை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விடுவார். பிள்ளைகள் அதனை விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது பெரிதன்று. நடு ஒலிபெருக்கியை அலமாரியின் முன்விளிம்புக்கு இழுத்து, அமர்ந்திருப்பவரின் செவியை நோக்கிச் சாய்க்கலாம். சோதனை ஒலியில் ஐந்தையும் சமமாக்கிய பிறகு, நடுவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தலாம். தரையில் ஒரு விரிப்பும் சன்னலுக்குக் கனத்த திரையும் போடலாம். இரவுநேர அமைப்பை இயக்கினால் உரத்ததும் தாழ்ந்ததும் நெருங்கி வரும். ஒலிபெருக்கி வாங்கியவுடன் குண்டு வெடிக்கும் காட்சியைப் போட்டுச் சோதிப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக, இருவர் மெல்லப் பேசிக்கொள்ளும் காட்சியொன்றைப் போட்டு, வீட்டின் மூத்தவரைச் சோபாவின் ஓரத்து இருக்கையில் அமர்த்தி, என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சரியாகச் சொன்னால் அமைப்பும் சரியாக இருக்கிறது.