'கொல்' என்னும் கட்டளை பணிவு கற்ற வரலாறு



யூனிக்ஸ் இயங்குதளத்திலும் அதன் வழிவந்த லினக்ஸ் போன்றவற்றிலும் 'கில்' என்றொரு கட்டளை உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் 'கொல்' என்று பொருள். ஆனால், அக்கட்டளை உண்மையில் செய்வது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குச் சமிக்ஞை ஒன்றை அனுப்புவது மட்டுமே. 'வேலையை முடித்துக்கொள்' என்னும் வேண்டுகோள் அதன் வழியே செல்கிறது. சில நிரல்களுக்கு 'அமைப்புக் கோப்பை மீண்டும் படி' என்னும் அறிவிப்பும் அதன் வழியே செல்கிறது. பெயர் கொடியதாக இருக்க, பணி மென்மையானதாக மாறியது எவ்வாறு? அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் பள்ளியில் மாணவர்களின் தேர்வுப் புள்ளிகளை நாள்தோறும் படியெடுத்து வைக்கும் சிறியதொரு ஷெல் நிரல் இருக்கிறது. கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால், கணினி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். அதுவே ஷெல் நிரல். ஒருநாள் படியெடுப்பு நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மறுநாள் பார்த்தபோது, முழுப்படிக்குரிய பெயரைத் தாங்கிய கோப்பு இருந்தது. ஆனால், ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் புள்ளிகள் அதில் இல்லை. மூலக்கோப்பு நலமாக இருந்ததால் பிள்ளைகளுக்கு இழப்பேதும் நேரவில்லை. எனினும், முழுமைபோல் தோற்றமளிக்கும் அரைகுறை எத்துணை ஆபத்தானது என்பது புலப்பட்டது. அதன் பின்னரே சமிக்ஞைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் யூனிக்ஸ் உருவாகத் தொடங்கியது. அதன் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அக்காலத்தில் சமிக்ஞை என்னும் பொதுவான ஏற்பாடு இருக்கவில்லை. இடைநிறுத்த விசையை அழுத்தினால் என்ன செய்வது, வெளியேறும் விசையை அழுத்தினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழைப்புகள் இருந்தன. 1973இல் வந்த நான்காம் பதிப்பில்தான் இவை 'சிக்னல்' என்னும் ஒரே அழைப்புக்குள் அடக்கப்பட்டன. ஒவ்வொரு நிகழ்வும் ஓர் எண்ணால் குறிக்கப்பட்டது.

அவ்வெண்கள் அக்காலக் கருவிகளின் கதையையும் சொல்கின்றன. எண் 1 'ஹேங்கப்'. அன்று பலர் தொலைப்பேசி இணைப்பின் வழியே தட்டச்சு முனையத்திலிருந்து கணினியை அடைந்தனர். இணைப்பு அறுந்தால், அந்த முனையத்தில் ஓடும் நிரல்களுக்கு இச்சமிக்ஞை செல்லும். எண் 2 'இன்டரப்ட்', அதாவது இடைநிறுத்தம். இன்று நாம் கண்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தும்போது செல்வது இதுவே. எண் 9 'கில்'. இதை எந்த நிரலாலும் தடுக்க இயலாது, பிடிக்கவும் இயலாது.

இனித்தான் முக்கியமான திருப்பம். 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில், எண் ஏதும் தராமல் 'கில்' கட்டளையை இட்டால் எண் 9 சென்றது. நிரல் அந்தக் கணமே மடிந்தது. திறந்துவைத்த கோப்பை மூடவோ, தற்காலிகக் கோப்பை அழிக்கவோ அதற்கு வாய்ப்பில்லை. 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது எண் 15, 'டெர்மினேட்' என்னும் புதிய சமிக்ஞை சேர்க்கப்பட்டிருந்தது. 'கில்' கட்டளை எண் ஏதும் இல்லாதபோது இதையே அனுப்பத் தொடங்கியது. இதனை நிரலால் பிடிக்க முடியும். பிடித்து, செய்யவேண்டியதைச் செய்து, பின்னர் விடைபெற முடியும். கட்டளையின் பெயர் மாறவில்லை. அதன் குணம் மாறிவிட்டது.

பிடிக்கும் வசதி ஷெல் நிரல் எழுதுவோர்க்கும் அதே பதிப்பில்தான் கிட்டியது. அதுவரை புழங்கிய தாம்சனின் ஷெல்லில் எழுதிய நிரலால் சமிக்ஞையைப் பிடிக்க வழியில்லை. ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில் 'டிராப்' என்னும் கட்டளை இருந்தது. டிராப் என்று எழுதி, செய்யவேண்டிய செயலை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதன் பின்னர் சமிக்ஞை எண்களை வரிசையாகத் தந்தால் போதும். மேற்கோள் குறிக்குள் ஒன்றுமே இல்லாவிட்டால் அச்சமிக்ஞை பொருட்படுத்தப்படாது. எண் 0 என்று தந்தால், ஷெல் நிரல் முடிந்து வெளியேறும் நேரத்தில் அச்செயல் நடைபெறும்.

ஆயினும், அன்றைய ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. ஒரு சமிக்ஞையை நிரல் ஒருமுறை பிடித்தவுடன், அதற்கான ஏற்பாடு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடியும் பதிவு செய்யவேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் அதே சமிக்ஞை மீண்டும் வந்தால் நிரல் மடிந்துபோகும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி பதிப்பு 1983இல் இக்குறையைக் களைந்தது. 1988இல் வெளியான போசிக்ஸ் தரநிலை நம்பகமான சமிக்ஞை முறையைப் பொதுவிதியாக்கியது. 1992இல் ஷெல்லுக்கான தரநிலையும் வந்து, 'டிராப்' அதில் இடம்பெற்றது. இன்றைய லினக்ஸ் கணினியிலும் போர்னின் அதே கட்டளைதான் பயன்படுகிறது.

இவ்வரலாற்றைப் படித்தபின், எங்கள் படியெடுப்பு நிரலில் மூன்று ஏற்பாடுகளைச் செய்தேன். முதலாவதாக, படியை நேரடியாக அதன் உண்மைப் பெயரில் எழுதாமல், அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதுமாறு செய்தேன். எழுதும் பணி பிழையின்றி முடிந்த பின்னரே பெயர் மாற்றப்படும். இரண்டாவதாக, எண் 0க்கு ஒரு டிராப். வெளியேறும்போது தற்காலிகக் கோப்பு எஞ்சியிருந்தால் அதை அழித்துவிடும். மூன்றாவதாக, 1, 2, 15 ஆகியவற்றுக்கு ஒரு டிராப். இவற்றுள் எது வந்தாலும் முறைப்படி வெளியேறும். அவ்வாறு வெளியேறும்போது எண் 0க்குரிய துப்புரவும் தானாகவே நடந்துவிடும்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஷெல் தான் தொடங்கிய ஒரு கட்டளை முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகே டிராப்பைச் செயற்படுத்தும். ஆகவே, எண் 15 அனுப்பியும் நிரல் உடனே நிற்கவில்லை என்றால், அது கேட்கவில்லை என்று பொருளன்று. கையிலிருக்கும் வேலையை முடித்துக்கொண்டிருக்கலாம். பொறுமையிழந்து எண் 9 அனுப்புவோர் தவறிழைப்பது இவ்விடத்தில்தான். அவ்வாறு செய்தால் எந்த டிராப்பும் இயங்காது. தற்காலிகக் கோப்பு குப்பையாகக் கிடக்கும். ஆனால், உண்மைப் பெயரில் அரைகுறைப் படி உருவாகாது. மூன்று ஏற்பாடுகளுள் முதலாவது, டிராப்பே இயங்காத நிலையிலும் காப்பாற்றுவதை இதனால் உணரலாம்.

பள்ளி மணி அடித்தவுடன் எழுதிக்கொண்டிருக்கும் சொல்லைப் பாதியில் விட்டு எழுந்துவிடாதீர்கள், வாக்கியத்தை முடித்து ஏட்டை மூடிவைத்துவிட்டு எழுங்கள் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்கிறோம். கணினியில் மென்பொருளை முறையாக மூடவேண்டும், மின்விசையை அணைக்கக் கூடாது என்றும் சொல்கிறோம். 'ஏன் ஐயா?' என்று பிள்ளை கேட்டால், அது விதி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். எண் 9க்கும் எண் 15க்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு ஏற்ற மொழியில் எடுத்துக்கூறலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிற்க மறுக்கும் நிரலுக்கு முதலில் எண் 15 அனுப்புங்கள். சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் எண் 9ஐ அனுப்புங்கள். அனுப்பிய பின்னர் எஞ்சிய கோப்புகளைச் சரிபார்க்க மறவாதீர்கள்.