குறட்டை: ஒரு சின்ன வரலாறு

மடுகரையில் எங்க தாத்தா திண்ணையில் படுத்தா, குறட்டை நாலு வீடு தள்ளிக் கேட்கும். "உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது" என்பாங்க ஆயா. நடுவில் சத்தம் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் மூச்சே இருக்காது. அப்புறம் திணறிக்கொண்டு ஒரு இழுப்பு. அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. போன வருஷம் அப்பாவுக்கும் அதேதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இதன் கதையைத் தேட ஆரம்பித்தேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். 1965-இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைப் பதிவு செய்தன. அன்றைக்கு இருந்த வைத்தியம், கழுத்தில் துளை போடுவது! 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் முறையை அறிவித்தார். அதுதான் சீபேப். இன்றும் முதல் சிகிச்சை அதுவே.

ஆனால் முகமூடியோடு தூங்க நிறைய பேரால் முடிவதில்லை. அப்பா மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் நரம்பைத் தூண்டும் கருவி. நாக்கை அசைப்பது 12-ஆவது மண்டை நரம்பு. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சிறு கருவி. அதிலிருந்து அந்த நரம்புக்கு ஒரு கம்பி. மூச்சு இழுக்கும்போது லேசான மின் துடிப்பு போகும், நாக்கு முன்னால் நகரும், வழி திறக்கும். படுக்கும்போது ரிமோட்டில் போட்டுக்கொள்ளலாம். 2001-இல் எட்டுப் பேரிடம் செய்த சோதனை வெளியானது. 2014-இல் 126 பேரிடம் நடந்த ஆய்வு: மணிக்கு சுமார் 29 முறை இருந்த மூச்சுத் தடை, ஒரு வருஷத்தில் 9 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உடல் பருமன் அதிகமானால் ஒத்துவராது. தொண்டை சுற்றிலும் சுருங்கி அடைபட்டாலும் அப்படித்தான். விலையும் நமக்கு எட்டாது.

இது பணக்கார நாட்டு வியாதியா? 2004-இல் வெளியான மும்பை ஆய்வில், 35 முதல் 65 வயது ஆண்களில் 19.5 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. 2022-இல் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோதும் டாக்டர்கள் இந்த நோயைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கருவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கழுத்துத் துளைக் கதையைக் கேட்டதும், "அந்த முகமூடிய எங்க வெச்ச?" என்றார். நேத்து ராத்திரி நாலு மணி நேரம் போட்டிருந்தார். தாத்தாவுக்கு அதுகூட வாய்க்கவில்லை.