வன்றொண்டர் வாக்கும் வஞ்சப்புகழ்ச்சியும்

சொற்பொருள் வெளிப்படையானும் குறிப்பானும் புலப்படும் என்பது தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தாற் பெறப்படும். புகழ்வதுபோற் பழித்தலும் பழிப்பதுபோற் புகழ்தலும் குறிப்பின்பாற்படுவன. அதியமானுக்குத் தூதுசென்ற ஔவையார், தொண்டைமானுடைய படைக்கலங்களின் பொலிவைப் புகழ்வார்போன்று அவனது போர்ப்பயிற்சியின்மையைப் புலப்படுத்தினமை புறநானூற்றிற் காணப்படும். திருவள்ளுவர் கயவரைத் தேவரோடு ஒப்பித்ததும் இம்முறைபற்றியே.

இவை மக்களை இடித்தற்கு எழுந்தன. இறைவன்மாட்டு இங்ஙனம் உரைத்தல் சிவநிந்தை ஆகாதோ எனின், ஆகாமை நம்பியாரூரர் வரலாற்றாற் றெளியப்படும்.

புத்தூரிற் றம் திருமணத்தைத் தடுத்து, அடிமையோலை காட்டி வழக்கிட்ட முதிய வேதியரை ஆரூரர் ‘பித்தன்’ என வெகுண்டுரைத்தார். வந்தவர் இன்னார் என அப்போது அறிந்திலராதலின், அது வெளிப்படைப் பழிமொழியே. திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு முடிந்து ஆண்டவனை அறிந்த பின்னரோ, அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணித்தருளினான். சொல் மாறிற்றிலது, சொல்வார்க்கும் சொல்லப்படுவார்க்கும் உள்ள உறவே மாறிற்று. அதனாற் பழிமொழி துதிமொழியாயிற்று.

திருவாரூரில் நிகழ்ந்தது இதன் மறுதலை. சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்தமையால் இருகண்ணும் இழந்த ஆரூரர், கச்சியில் இடக்கண் பெற்றுத் திருவாரூரை அடைந்து வலக்கண் வேண்டிப் பாடினார். அப்பதிகத்திற் பாட்டுத்தோறும் இறைவனை வாழ்த்துகின்றார். அடியவர் அல்லற்பட்டு நிற்ப ஆண்டவரை வாழ்க என்றல் வாழ்த்தன்று, முறையீடே. ஈண்டு வாழ்த்துமொழி இடித்துரையாயிற்று. தோழமை நெறியில் நின்றார்க்கன்றி இவ்வுரிமை பிறர்க்கு இல்லை. அடிமைத்திறத்தின் வழுவாமையே அத்தோழமைக்கு நிலைக்களமாதலும் அறியற்பாலது.

தமிழ்த் தண்டியலங்காரம் இத்தகைய கூற்றுக்களை இலேசம், புகழாப்புகழ்ச்சி எனப் பெயரிட்டு விளக்கிற்று. அது பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டின் நூல்; ஆரூரர் வாக்கோ அதற்குச் சில நூற்றாண்டு முற்பட்டது. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாதல் இதனாலும் விளங்கும்.

திருவாரூர்ப் பதிகத்து வாழ்த்தினைச் சொற்கிடந்தவாறே கொள்வார் அதன் உட்கிடையை இழப்பர். அணிநலமென்ற அளவிற் கொள்வார் கண்ணிழந்த தொண்டரது துயரினை மறப்பர். நிந்தையெனக் கொள்வார் தோழமையின் திறம் அறியார். இறைவன் கொண்ட பொருள் யாதெனின், வன்றொண்டர்க்கு வலக்கண் அளித்தருளினமையே அதற்குச் சான்றாம்.